எழுபத்து மூன்று என்றால் என்ன?

சென்ற சித்திரை விழாவன்று பந்தி முடிந்து, வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டு, நண்பர்களிடம் விடைபெறும்போது பழக்க தோஷத்தில் “சரி, எழுபத்து மூன்று!” என்று சொல்லிக் கையை ஆட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவள், விடவில்லை. “அதென்ன மாமா எழுபத்து மூன்று? உங்கள் வயதா?” என்றாள். வயது அதைத் தாண்டிவிட்டது என்று சிரித்துச் சமாளித்தேன். அருகில் இருந்த பத்திரிகைக் குழு அன்பர், “பெண் கேட்டது நல்ல கேள்வி, நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள்” என்று பிடித்துக்கொண்டார்.

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். மாலுமிகள் எங்களை ‘மார்க்கோனி சாப்’ என்று கூப்பிடுவார்கள். 1974-ல் இந்தப் பம்பாய்த் துறைமுகத்தில் முதல் கப்பல் ஏறினேன். அதற்கும் முன்பே, அம்பாசமுத்திரத்தில் எங்கள் அப்பா தபால் தந்தி இலாகாவில் தந்தியாளராக இருந்தார். ஆகவே புள்ளியும் கோடும் எனக்குப் பிதுரார்ஜிதம் என்றே சொல்லலாம். சாப்பிடும்போது அப்பா வெண்கலத் தட்டில் கரண்டியால் தட்டி “என்ன எழுத்து, சொல்லு” என்பார். தப்பாகச் சொன்னால் அம்மாவுக்குத்தான் கோபம் வரும், தட்டு நசுங்குகிறதே என்று.

நம்மில் மூத்தவர்களுக்குத் தந்தி என்றால் வயிற்றைக் கலக்கும். ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி’ என்ற நான்கு சொல் எத்தனை பேரை தாதரிலும் புது தில்லியிலும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பியிருக்கிறது! ஊரில் இருப்பவர்களுக்கோ அந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல வாத்தியார் வீட்டுக்கு ஓட வேண்டும். அவர் முகம் மாறுவதைப் பார்த்தே பாதி விஷயம் புரிந்துவிடும். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் எழுவாய் போயிற்று, வினை போயிற்று, மரியாதைச் சொற்களெல்லாம் போயின. பணம் மிச்சம் பிடிக்கப் பிறந்தது ஒரு சுருக்கு மொழி.

அனுப்புகிறவருக்குக் காசு மிச்சம் என்றால், தந்தியாளருக்குக் கை மிச்சம். அமெரிக்காவில் 1859-ல் வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி 1 முதல் 92 வரை எண்களுக்குப் பொருள் வைத்து ஒரு பட்டியல் போட்டது. அதில் 30 என்றால் ‘இத்துடன் முடிந்தது’. அங்குள்ள பத்திரிகை நிருபர்கள் வெகுகாலம் வரை தங்கள் செய்தியின் அடியில் 30 என்று போட்டே முடித்தார்கள். 73 என்றால் ‘என் வணக்கங்கள்’. அதற்கு முன்னால் அதே எண்ணுக்கு ‘என் அன்பு உனக்கு’ என்று பொருள் இருந்ததாம். கம்பெனிக்காரர்கள் கை வைத்ததும் அன்பு மரியாதையாகிவிட்டது, ஆபீஸ் என்றால் அப்படித்தானே! பிறகு 88 என்றொரு எண் சேர்ந்தது. ‘அன்பும் முத்தங்களும்’ என்று பொருள். அதை யாருக்கு அனுப்புகிறோம் என்று கவனமாக இருக்க வேண்டும்.

73 மட்டும் ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்றால், அதன் ஓசைதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஏழு என்பது இரண்டு கோடு மூன்று புள்ளி. மூன்று என்பது மூன்று புள்ளி இரண்டு கோடு. சேர்த்துத் தட்டினால் ‘டா டா டி டி டிட், டி டி டி டா டா’ என்று போன வழியே திரும்பி வரும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. கைக்கும் சுகம், காதுக்கும் சுகம். சிலர் இதைப் பன்மையாக்கி ‘செவன்டி த்ரீஸ்’ என்று அனுப்புவார்கள். ‘வணக்கங்கள்கள்’ என்பது போல அது பிழை, என் காதில் இன்றும் உறுத்தும்.

நம் இந்தியத் தந்தி இலாகாவும் சளைத்ததல்ல. வாழ்த்துத் தந்திக்கென்று எண் போட்ட வாசகங்கள் இருந்தன. 1 என்றால் தீபாவளி வாழ்த்து. 8 என்றால் நீண்ட இனிய மணவாழ்வுக்கு வாழ்த்து. 16 என்றால் இளந்தம்பதியர் மேல் சுவர்க்கத்தின் சிறந்த ஆசிகள் பொழியட்டும் என்பது. நாம் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், கம்பியில் எண்தான் போகும், அந்த முனையில் முழு வாசகத்தையும் அழகான தாளில் எழுதிக் கொடுப்பார்கள். கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து அதை ஒவ்வொன்றாகப் படித்தது நினைவிருக்கும். முகூர்த்த நாட்களில் கவுண்டரில் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எட்டா, பதினாறா?”

அப்பா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று. ஒரு வைகாசி மாதக் கல்யாணம். யாரோ மெனக்கெட்டு அனுப்பிய 16, வழியில் எந்த ஊரிலோ ஆறை உதிர்த்துவிட்டு வெறும் ஒன்றாக வந்து சேர்ந்தது. மேடையில் நின்றவர் கணீரென்று தீபாவளி வாழ்த்துகளைப் படித்துவிட்டார். மண்டபம் முழுவதும் சிரிப்பு. பெண்ணின் தகப்பனார் மட்டும் நிதானம் தவறாமல் எழுந்து, “தலைதீபாவளிக்கு இப்போதே வாழ்த்துகிறார், மாப்பிள்ளைக்கு மோதிரத்தை மறந்துவிடாதே என்று எனக்கு ஞாபகப்படுத்துகிறார்” என்றாராம். சுருக்கெழுத்தில் ஒரு குறி விழுந்துபோனால் என்ன ஆகும் என்று எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

இதுவரை சொன்னது கம்பித் தந்தி. கம்பியில்லாத் தந்தி வந்தபோது புதிய சங்கடம் ஒன்றும் கூடவே வந்தது. கம்பியின் இரண்டு முனையிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தேசத்தார், ஒரே இலாகா. கடலிலோ கிரேக்கக் கப்பல், ஜப்பான் கப்பல், ருஷ்யக் கப்பல் எல்லாம் ஒரே வானத்தில் பேச வேண்டும். யார் பாஷையில் பேசுவது? பிழைப்புக்காக மொழி தெரியாத ஊரில் ரயிலை விட்டு இறங்கிய நமக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.

1909 வாக்கில் பிரிட்டிஷ் தபால் இலாகா தன் கப்பல்களுக்கும் கரை நிலையங்களுக்கும் ஒரு பட்டியல் தயாரித்தது. ஒவ்வொரு குறிக்கும் மூன்று எழுத்து, முதல் எழுத்து எப்போதும் ‘க்யூ’. ஆங்கிலத்தில் அதிகம் புழங்காத எழுத்து என்பதால் வேறு எதனோடும் குழம்பாது. இன்றுவரை உலகில் எந்த நாட்டு ரேடியோ நிலையத்தின் பெயரும் ‘க்யூ’வில் தொடங்குவதில்லை. 1912 ஜூலை 5-ஆம் தேதி லண்டனில் கையெழுத்தான சர்வதேச ரேடியோ தந்தி ஒப்பந்தத்தில் இந்தப் பட்டியல் எல்லா நாட்டுக்கும் பொதுவாயிற்று.

அதில் இருக்கும் சாமர்த்தியம் கேள்விக்குறியில் இருக்கிறது. ‘க்யூ.டி.ஹெச்.’ என்று அனுப்பி ஒரு கேள்விக்குறி போட்டால், ‘நீ எங்கே இருக்கிறாய்?’ கேள்விக்குறி இல்லாமல் அனுப்பினால், ‘நான் இருக்கும் இடம் இது.’ ஒரே குறி கேள்வியும் ஆகும், பதிலும் ஆகும். ‘க்யூ.ஆர்.ஏ.’ என்றால் உன் பெயர் என்ன. ‘க்யூ.ஆர்.டி.’யில் கடைசி எழுத்து டேவிட் ‘டி’யாக இருந்தால், எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய். நடுக்கடலில் முகம் தெரியாத கப்பலைச் சந்தித்ததும் இந்த மூன்றையும்தான் வரிசையாகக் கேட்போம். மாதுங்கா மார்க்கெட்டில் தமிழ்க் குரல் காதில் விழுந்ததும் நாம் திரும்பி நின்று “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்கிறோமே, அதே விசாரணைதான்.

மற்றவற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ‘க்யூ.ஆர்.எம்.’ என்றால் வேறு நிலையங்களின் இடைஞ்சல். ‘க்யூ.ஆர்.என்.’ என்றால் இடி மின்னலின் இரைச்சல், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக் கடல் முழுவதும் இதுதான். ‘க்யூ.எஸ்.பி.’ என்றால் குரல் மங்கி மங்கித் தெளிகிறது. ‘க்யூ.ஆர்.எஸ்.’ என்றால் மெதுவாக அனுப்பு. ‘க்யூ.ஆர்.எக்ஸ்.’ என்றால் பொறு, நானே கூப்பிடுகிறேன். ‘க்யூ.எஸ்.எல்.’ என்றால் கிடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். டெலிபோன் ‘டி’யில் முடியும் ‘க்யூ.ஆர்.டி.’ என்றால் அனுப்புவதை நிறுத்து. என் மனைவி இந்தப் பட்டியலில் இரண்டே இரண்டைத்தான் கற்றுக்கொண்டாள். சமையலறைக்குள் போய் நான் எதையாவது கேட்டால் ‘க்யூ.ஆர்.எக்ஸ்.’ வரும். மறுபடி கேட்டால் அந்த டெலிபோன் ‘டி’ வந்துவிடும்.

புதிதாகப் படிக்க வந்தபோது நான் வேகத்தைத்தான் பெரிதாக நினைத்தேன். நிமிடத்துக்கு இருபது சொல், இருபத்தைந்து சொல் என்று தட்டினால் பெரிய ஆள் என்ற எண்ணம். கடலில் பத்து வருஷம் ஆன பிறகுதான் பட்டியலை வேறு கண்ணால் பார்த்தேன். பொறு, மெதுவாக, இந்த அலைவரிசை காலியாக இருக்கிறதா, என்னைக் கூப்பிடுவது யார், எனக்கு ஏதாவது இருக்கிறதா, நான் சொன்னது சேர்ந்ததா? இதில் பேசுவதற்கான குறியை விடக் கேட்பதற்கான குறிதான் அதிகம். ரேடியோ ரூமில் உட்கார்ந்தவன் நாளில் முக்கால்வாசி நேரம் சாவியைத் தொடுவதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறான், அவ்வளவுதான்.

அந்தக் கேட்பதற்கு ஒரு சட்டமே இருந்தது. பழைய கப்பல்களின் ரேடியோ ரூம் கடிகாரத்தைப் பார்த்திருந்தால் அதன் முகத்தில் சிவப்புப் பட்டை இரண்டு தீட்டியிருப்பது தெரியும். ஒவ்வொரு மணியிலும் 15-வது நிமிடத்திலிருந்து 18 வரை, 45-லிருந்து 48 வரை. அந்த மூன்று நிமிடமும் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் யாரும் தட்டக் கூடாது. உலகக் கடல்களில் உள்ள அத்தனை கப்பல்களும், அத்தனை கரை நிலையங்களும் வாய் மூடிக் காதைத் திறந்து வைக்க வேண்டும். எங்காவது ஒரு பலவீனமான கப்பல், பாட்டரி தீரும் நிலையில், ‘காப்பாற்றுங்கள்’ என்று முனகினால் அது கேட்க வேண்டும் என்பதற்காக. சந்தைக்கடை போல் இரைந்துகொண்டிருந்த அலைவரிசை, முள் சிவப்பைத் தொட்டதும் சட்டென்று அடங்கும். நட்ட நடு ராத்திரியில் அந்த அமைதியை முதன்முதலில் கேட்டபோது, கோயிலில் தீபாராதனைக்குத் திரை விலகும் முன் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்களே, அந்த ஞாபகம் வந்தது.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. டைட்டானிக் கதையைச் சினிமாவாகப் பார்த்தவர்கள் பலர். ரேடியோ ரூம் கதையை மட்டும் இங்கே சொல்கிறேன். 1912 ஏப்ரல் 14 இரவு. ஜாக் பிலிப்ஸ், ஹெரால்டு பிரைட் என்று இரண்டு இளைஞர்கள் அதில் ஆபரேட்டர்கள். முந்தின நாள் கருவி பழுதாகி, பயணிகளின் சொந்தச் செய்திகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பிலிப்ஸ் அவற்றைக் கனடாப் பக்கத்து கேப் ரேஸ் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் என்ற கப்பலின் ஆபரேட்டர் சிரில் எவான்ஸ் குறுக்கிட்டார். பனிக்கட்டிகள் சூழ்ந்துவிட்டன, எங்கள் கப்பலை நிறுத்திவிட்டோம் என்று சொல்ல வந்தார். கப்பல் அருகில் இருந்ததால் அவர் சத்தம் பிலிப்ஸின் காதைக் கிழித்தது. ‘சும்மா இரு, நான் வேலையாக இருக்கிறேன்’ என்ற பொருளில் பிலிப்ஸ் வெடுக்கென்று பதில் தட்டினார். எவான்ஸ் இன்னும் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சுமார் 11.30 மணிக்குக் கருவியை அணைத்துப் படுக்கப் போய்விட்டார். அந்தக் கப்பலில் அவர் ஒருவர்தான் ஆபரேட்டர். 11.40-க்கு டைட்டானிக் பனிமலையில் மோதியது.

பிலிப்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காதில் ஒருவன் இரையும்போது பெறுகிற செய்தியில் ஓர் எழுத்து நழுவினாலும் மறுபடி கேட்க வேண்டும், எரிச்சல் வரத்தான் செய்யும். நானும் வெடுக்கென்று பேசியிருக்கிறேன். அதன்பின் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். முதலில் மார்க்கோனி கம்பெனியின் பழைய அபாயக் குறியான ‘சி.க்யூ.டி.’யை அனுப்பினார். பிறகு ‘எஸ்.ஓ.எஸ்.’ஸையும் சேர்த்து அனுப்பினார். இந்த எஸ்.ஓ.எஸ். எந்த ஆங்கில வாக்கியத்தின் சுருக்கமும் அல்ல. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி, இடைவெளி விடாமல் வரும் அந்த ஓசையை எவரும் தப்பாகக் கேட்க முடியாது என்பதால் ஜெர்மானியர் 1905-ல் வைத்துக்கொண்டது. 1906-ல் பெர்லின் மாநாட்டில் எல்லா நாட்டுக்கும் பொதுவாயிற்று.

58 மைல் தூரத்தில் கார்ப்பேத்தியா என்ற கப்பல். அதன் ஒரே ஆபரேட்டர் ஹெரால்டு காட்டமும் படுக்கப் போகிற நேரம்தான். ஆனால் ஹெட்போனை இன்னும் கழற்றவில்லை. கேப் ரேஸில் டைட்டானிக்குக்குச் செய்திகள் காத்திருக்கின்றன என்று சாதாரணமாகச் சொல்லத்தான் கூப்பிட்டார். பதிலாக வந்தது அபாயக் குறி. கார்ப்பேத்தியா பனிக்கட்டிகளுக்கு நடுவே முழு வேகத்தில் ஓடி விடிவதற்குள் வந்து எழுநூற்றுச் சொச்சம் பேரைப் படகுகளிலிருந்து ஏற்றிக்கொண்டது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். பிலிப்ஸும் திரும்பவில்லை. ஒரு காதில் ஹெட்போன் இருந்தது, இன்னொரு காதில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் கப்பல்களில் இரவும் பகலும் கேட்டாக வேண்டும் என்ற விதி பிறந்தது. ஒரே ஆபரேட்டர் உள்ள கப்பலில் அவன் தூங்கும்போது கேட்க ‘ஆட்டோ அலாரம்’ என்ற இயந்திரம் வந்தது. நான்கு விநாடி நீளமுள்ள கோடுகள், ஒரு விநாடி இடைவெளி விட்டு வந்தால் அது விழித்துக்கொண்டு என் காபினில் மணி அடிக்கும். சில இரவுகளில் இடி மின்னலைக் கோடு என்று நினைத்து வீணாகவும் அடிக்கும். சபித்துக்கொண்டே ஓடுவேன். ஆனால் ஓடாமல் இருந்ததில்லை.

இனி என் சொந்த விஷயம் ஒன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கப்பலில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் தெரிவது ரேடியோ ஆபீசருக்குத்தான். குழந்தை பிறந்ததும் தகப்பனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். சாவும் அப்படியே. தந்தி இரகசியத்தைக் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் சேர்கிறோம். கேட்பது, எழுதுவது, உறையில் போட்டுக் கொடுப்பது, வெளியே வந்துவிடுவது. குறிப்பிட்ட நேரங்களில் பம்பாய் ரேடியோ எந்தெந்தக் கப்பலுக்குத் தந்தி இருக்கிறது என்று பட்டியல் படிக்கும். நம் கப்பலின் அழைப்புப் பெயர் அதில் வந்தால் கூப்பிட வேண்டும். வராவிட்டாலும் மனசு கேட்காமல் சிலர் கூப்பிட்டு ‘க்யூ.ஆர்.யு.’ போட்டுக் கேள்விக்குறி வைப்பார்கள். எனக்கு ஏதாவது இருக்கிறதா? பெரும்பாலும் அதே ‘க்யூ.ஆர்.யு.’ கேள்விக்குறி இல்லாமல் திரும்பி வரும். ஒன்றும் இல்லை.

1978 ஜூலையில் ஓர் இரவு, கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் எங்கள் கப்பல் வந்தது. கூப்பிட்டேன். ‘க்யூ.டி.சி. 1’ என்றார் பம்பாய் ரேடியோக்காரர். உனக்கு ஒரு தந்தி இருக்கிறது. முகம் தெரியாவிட்டாலும் அவர் கை எனக்குப் பழக்கம். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு, எழுத்தைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடலாம். நல்ல வேகக்காரர் அவர். அன்று மட்டும் நான் கேட்காமலேயே வேகத்தைக் குறைத்தார். இரைச்சலுக்காகக் குறைக்கிறார் போலும் என்று நினைத்தேன்.

புறப்பட்ட இடம் அம்பாசமுத்திரம். பெறுபவர் பெயராக என் பெயரை நானே எழுதினேன். அடுத்து எஃப், ஏ, டி, ஹெச், ஈ, ஆர். பிறகு ஈ. பிறகு எக்ஸ். அந்த ‘எக்ஸ்’ வந்தவுடனேயே முழுச் சொல்லும் தெரிந்துவிட்டது. ஆனாலும் கை மீதி எழுத்துகளை எழுதிக்கொண்டே போயிற்று. பழக்கம் அப்படி. அடியில் என் தங்கையின் பெயர். சொற்களை எண்ணிப் பார்த்தேன், முகப்பில் சொன்ன கணக்கு சரியாக இருந்தது.

இப்போது நான் அனுப்ப வேண்டியது ‘க்யூ.எஸ்.எல்.’ கிடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். மூன்று எழுத்து. கை வரவில்லை. காத்திரு என்பதற்கு ஏ-யும் எஸ்-ஸும் சேர்த்து ஒரு குறி உண்டு, அதை மட்டும் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. வரிசையில் எத்தனையோ கப்பல்கள் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கும். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை, வேறு கப்பலைக் கூப்பிடவும் இல்லை. பிறகு அனுப்பினேன். வழக்கமாக முடிக்கும்போது 73 போடுவார், அன்று போடவில்லை. ‘ஓ.எம்.’ என்று இரண்டு எழுத்து மட்டும் வந்தது. தந்திக்காரர்கள் ஒருவரை ஒருவர் ‘அண்ணாச்சி’ என்பது போல் கூப்பிடும் குறி அது. அதோடு முடித்துக்கொண்டார்.

பிறகு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது, அந்தத் தந்தி அப்பாவின் ஆபீசிலிருந்தே, அவரோடு வேலை பார்த்தவர் கையாலேயே புறப்பட்டிருக்கிறது. அப்பா உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. பம்பாய் ரேடியோக்காரரை நேரில் பார்க்க வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். கரைக்கு வந்தால் கிடைப்பது பத்து நாள், அதில் பாதி ரயிலில் போய்விடும்.

1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் வழியான புது அபாய முறை கப்பல்களுக்கு முழுமையாக வந்தது. மோர்ஸ் கேட்பதும், சிவப்புப் பட்டைக் கடிகாரமும், எங்கள் வேலையும் அத்தோடு போயின. எனக்கு வருத்தம் இருந்தாலும் குறை இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் கப்பலின் பெயரும் இடமும் தானாகப் போய்ச் சேர்கிறது என்றால் உயிருக்கு அதுவே நல்லது.

சுருக்குக் குறிகள் சாகவில்லை. மும்பையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போகிறீர்கள். இறங்கும் முன் விமானி, கடல் மட்டத்துக் கணக்கில் உயரம் காட்டும்படி தன் கருவியைத் திருத்த, கீழே உள்ள காற்றழுத்தத்தைக் கேட்டுக்கொள்வார். அதற்குப் பெயர் ‘க்யூ.என்.ஹெச்.’ வாய்ப்பேச்சிலேயே இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஹாம் என்று சொல்லும் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கு இந்தக் குறிகள் தாய்மொழி மாதிரி. காலஞ்சென்ற பிரதமர் ராஜீவ் காந்தியும் லைசென்ஸ் வாங்கிய ஹாம்தான். மோர்ஸ் பரீட்சை கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003-ல் தளர்ந்துவிட்டது. ஆனாலும் ஆசைக்காகக் கற்பவர்கள் இருக்கிறார்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையாரும் அவர் குழுவினரும் அந்தமான் போர்ட் பிளேயரில் நிலையம் போட்டிருந்தார்கள். அந்தமானோடு ரேடியோவில் பேசுவது பல ஆண்டுகளாகக் கிட்டாத அபூர்வம் என்பதால் உலகமெங்கும் உள்ள ஹாம்கள் முண்டியடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பூமி ஆடியது, கடல் உள்ளே வந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோன அந்த நாட்களில், விளையாட்டாகப் போட்ட நிலையமே செய்தி நிலையமாயிற்று. இன்னார் பிழைத்திருக்கிறாரா, இன்ன குடும்பம் எங்கே என்ற கேள்விகள் போயின, பதில்கள் வந்தன. அந்தமானில் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். இது பெரும்பாலும் குரலில் நடந்த வேலை, சாவியில் அல்ல. ஆனால் ஆபத்து என்றால் மற்றவர்கள் வாயை மூடி அலைவரிசையை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சிவப்புப் பட்டைக் காலத்து விதிதான்.

கம்பித் தந்திக்கும் முடிவு வந்தது. 2013 ஜூலை நடுவில் நம் நாட்டில் தந்தி சேவையை நிறுத்தினார்கள். கடைசி நாளில் நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞர்கள் அதுவரை தந்தியையே பார்த்திராதவர்கள், தங்களுக்குத் தாங்களே ஞாபகார்த்தமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் சாவி இல்லை, கம்ப்யூட்டர்தான். நான் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தங்கைக்கு, எல்லோரும் நலம் என்று எழுதி, அடியில் 73 போட்டேன். குமாஸ்தா சொற்களை எண்ணிவிட்டு, “யே நம்பர் க்யா ஹை?” என்றார். வணக்கம் என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே ஏற்றிக்கொண்டார்.

தந்தி போய்ச் சேர்ந்த அன்று தங்கையிடமிருந்து போன் வந்தது. குரலில் நடுக்கம். தந்தி என்றதும் பயந்துவிட்டாள், பாவம். நலம் என்று படித்த பிறகுதான் உயிர் வந்ததாம். “ஏண்ணே, கீழே எழுபத்து மூணுன்னு போட்டிருக்கே, ரூபாயா? மணியார்டர் தனியா வருமா?” என்றாள். அப்பாவின் வெண்கலத் தட்டில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. போன் செலவு அவளுடையது.